கோரல் மில்லின் ஒன்பது நாள்

1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கூலி உயர வேண்டும், வேலை நேரம் குறைய வேண்டும், வாரத்தில் ஒரு நாள் விடுமுறை வேண்டும் என்பவை அவர்கள் கேட்டவை. ஒன்பது நாள் கழித்து, கேட்டதைப் பெற்றுக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்கள். அப்போது அவர்களுக்குப் பதிவு பெற்ற சங்கம் கிடையாது. சங்கம் வைப்பதை ஏற்கும் சட்டமும் இந்தியாவில் இல்லை. கைகொடுக்கச் சேர்த்து வைத்த நிதியும் இல்லை. ஊர் மட்டும் அவர்கள் பக்கம் இருந்தது. தாமிரபரணிக் கரையின் தொழிலாளர் வரலாறு அந்த ஒன்பது நாளிலிருந்து தொடங்குகிறது. ஊர் துணை நின்றபோது போராட்டம் வென்றதையும், துணை பிளந்தபோது தோற்றதையும் அதற்குப் பின் வந்த நூறாண்டு திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது.

ஆறும் கடலும் மில்லும்

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. அந்தக் கழிமுகத்துக்குச் சற்றுத் தெற்கே, திருச்செந்தூர் போகும் வழியில் காயல்பட்டினம், வடக்கே தூத்துக்குடி. கொற்கை, காயல், தூத்துக்குடி என்று காலத்துக்கு ஒரு துறைமுகமாக இந்தக் கரை முத்தும் துணியும் உப்பும் ஏற்றி அனுப்பியது. காயல்பட்டினத்து முஸ்லிம் வணிகக் குடும்பங்கள் கொழும்போடு தொழிலாலும் உறவாலும் பிணைந்திருந்தன. 1876இல் ரயில் தூத்துக்குடிக்கு வந்ததும் கரிசல் காட்டுப் பருத்தி அங்கே குவிந்தது. துறைமுகத்தில் அன்று ஆழம் போதாது. கப்பல் கரையை விட்டுப் பல மைல் தள்ளி நங்கூரமிடும். பஞ்சுப் பொதியும் பயணிகளும் தோணியில்தான் கப்பலுக்குப் போக வேண்டும். தோணிக்காரர், சுமை தூக்குவோர், வண்டிக்காரர், உப்பளத்தார் என்று உடலுழைப்பால் வாழ்ந்தவர்களின் ஊராகத் தூத்துக்குடி வளர்ந்தது.

ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்ற சகோதரர்கள் பருத்தி வாணிபத்திலிருந்து நூற்பாலைத் தொழிலுக்கு நகர்ந்தார்கள். 1880களில் பாபநாசத்தில், தாமிரபரணி மலையிலிருந்து விழும் வேகத்தைக் கொண்டு எந்திரம் ஓட்டும் மில்லைத் தொடங்கினார்கள். 1888இல் தூத்துக்குடியில் கோரல் மில்லும், 1892இல் மதுரையில் மதுரை மில்லும் வந்தன. மூன்றையும் மக்கள் ‘ஹார்வி மில்’ என்ற ஒரே பெயரால் அழைத்தார்கள்.

நூற்பாலைக்குள் வேலை பொதி உடைப்பதில் தொடங்கும். இறுகக் கட்டிய பஞ்சைப் பிரித்து, அடித்து, தூசி நீக்கி, சீவி, பட்டையாக்கி, இழையாக முறுக்கிக் கதிரில் சுற்ற வேண்டும். கதிர்கள் வரிசை வரிசையாகச் சுழலும்போது எங்கேயாவது ஓர் இழை அறுந்துகொண்டே இருக்கும். அறுந்த நுனிகளைப் பிடித்து நொடியில் முறுக்கி ஒட்டுவதற்குச் சின்ன விரல்கள் தோதானவை. அதனால் சிறுவர்களும் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். இழை அறாமல் இருக்கக் கூடத்தில் புழுக்கம் வேண்டும்; காற்று வரக் கூடாது. பஞ்சுத் தூசி மூக்கிலும் தொண்டையிலும் படியும். விடியுமுன் தொடங்கும் வேலை இருட்டிய பின்தான் முடியும். 1891ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் பெண்களுக்கு 11 மணி நேரமும், 9 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 7 மணி நேரமும் வரம்பு வைத்தது. ஆண்களின் வேலை நேரத்துக்கு வரம்பு எதுவும் வைக்கவில்லை. நெசவு, நூற்பு ஆலைகளில் ஆண்களுக்கு 12 மணி நேரம் என்ற வரம்பு 1911இல்தான் வந்தது.

முதலாளிகளின் நாட்டில்

மில் முதலாளிகள் பிறந்து வளர்ந்த பிரிட்டனில் அதே காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. அங்கும் உரிமை எளிதில் கிடைக்கவில்லை. 1799, 1800 ஆண்டுகளின் சட்டங்கள் தொழிலாளர் கூடுவதைக் குற்றமாக்கின. 1824இல் அவை நீக்கப்பட்டன. அதன் பிறகும், 1834இல் டால்படல் என்ற சிற்றூரின் விவசாயக் கூலிகள் ஆறு பேர் சங்க உறுதிமொழி எடுத்ததற்காக ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். 1868இல் தொழிற்சங்கங்களின் பேரவை கூடியது. 1871ஆம் ஆண்டுச் சட்டம் சங்கங்களைச் சட்டப்படி செல்லத்தக்கவை ஆக்கியது.

கோரல் மில் தொடங்கிய அதே 1888இல் லண்டனில் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள். அவர்களின் நிலையை எழுதி ஊரறியச் செய்தவர் அன்னி பெசன்ட். அடுத்த ஆண்டு லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் மணிக்கு 6 பென்ஸ் கூலி கேட்டு ஐந்து வாரம் வேலையை நிறுத்தினார்கள். பட்டினியால் பணியும் நிலை வந்தபோது ஆஸ்திரேலியத் தொழிலாளர்களும் பொதுமக்களும் 30,000 பவுண்டுக்கு மேல் திரட்டி அனுப்பினார்கள், போராட்டம் வென்றது. 1901இல் டாஃப் வேல் ரயில்வே வழக்கில், வேலைநிறுத்தத்தால் நேர்ந்த நஷ்டத்தைச் சங்கம் ஈடுகட்ட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. 1906ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் அந்த ஆபத்தை நீக்கியது. ஆக 1908இல் ஒரு பிரிட்டிஷ் மில் தொழிலாளிக்குச் சங்கமும் நிதியும் சட்டப் பாதுகாப்பும் இருந்தன. பிரிட்டிஷ் முதலாளியிடம் தூத்துக்குடியில் வேலை பார்த்தவருக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை.

கப்பலும் மில்லும்

ஒட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் வழக்கறிஞர். 1906 அக்டோபர் 16 அன்று சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினார். தூத்துக்குடி–கொழும்பு வழியில் தனியாட்சி நடத்திய பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்குப் போட்டியாகச் சுதேசிக் கப்பல்கள் காலியாவும் லாவோவும் ஓடின. பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் பயணிகளைச் சும்மா ஏற்றிக் கையில் ஒரு குடையும் கொடுத்ததாக ஊரில் இன்றும் சொல்வார்கள்.

கப்பல் கம்பெனிக்காக வ.உ.சி. வணிகர்களையும் வழக்கறிஞர்களையும் சிறு பங்குதாரர்களையும் ஓரிடத்தில் சேர்த்திருந்தார். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற வேறுபாடின்றி அமைந்த அந்தக் கூட்டுதான் பிறகு மில் தொழிலாளருக்குத் துணையாக வந்தது. 1908 தொடக்கத்தில் சுப்பிரமணிய சிவா தூத்துக்குடி வந்து சேர்ந்தார். இருவரும் மாலை நேரத்தில் பொதுக்கூட்டம் நடத்தினார்கள். வேலை முடிந்து வரும் கூலிக்காரர்கள் கூட்டங்களில் நிறைந்தார்கள். சுதேசிப் பேச்சு அதுவரை படித்தவர் அவைகளில் படித்தவர் மொழியில் நடந்தது. இங்கே அது தமிழில், கூலியையும் வேலை நேரத்தையும் பற்றிய பேச்சாக நடந்தது.

ஒன்பது நாள்

பிப்ரவரி 23 அன்று வ.உ.சி. கோரல் மில் தொழிலாளர்களின் கூலியையும் அவர்கள் படும் பாட்டையும் எடுத்துப் பேசினார். நான்கு நாள் கழித்து வேலைநிறுத்தம் தொடங்கியது. அன்றாடம் வாங்கி அன்றாடம் பொங்கும் குடும்பங்களில் மூன்றாம் நாளே அடுப்பு எரியாமல் போகும். நிர்வாகம் அந்த நாளுக்காகக் காத்திருந்தது. ஊர் அந்த நாளை வரவிடவில்லை. வழக்கறிஞர்களும் வணிகர்களும் பணம் போட்டார்கள். நிதி திரட்டி வீடுகளுக்கு உதவினார்கள். சிலருக்கு வேறு இடங்களில் வேலை கிடைத்தது. தொழிலாளர்கள் கட்டுக்கோப்பாக இருந்தார்கள். நாள்தோறும் கூட்டத்துக்கு வந்தார்கள்.

அரசு அதிகாரிகள் பதற்றத்தில் இருந்தார்கள். தூத்துக்குடியில் சப்-கலெக்டர் பொறுப்பில் இருந்தவர் ஆஷ். திருநெல்வேலிக் கலெக்டர் விஞ்ச். ஐரோப்பியர்களைப் புறக்கணிக்கும் எண்ணம் ஊரில் பரவியது. அந்த நாட்களைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அரசுத் தரப்பை ஆதரித்த ஒரு வழக்கறிஞர் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தார். பாதி சவரத்தில் பேச்சு வேலைநிறுத்தத்தின் பக்கம் திரும்பியது. அவர் எந்தக் கட்சி என்று தெரிந்ததும் சவரத் தொழிலாளி கத்தியை மடக்கிக்கொண்டு எழுந்துவிட்டாராம். பாதி முகத்தோடு போனவருக்கு ஊரில் மீதியை முடித்துவிட யாரும் முன்வரவில்லை. அன்றைய சமூகத்தில் மிகத் தாழ்வாக நடத்தப்பட்ட ஒரு தொழிலின் கையில் எத்தனை வலிமை இருந்தது என்பதை இந்தச் செய்தி சொல்கிறது.

மார்ச் 6 அன்று மில்லின் தலைமை எழுத்தர் வ.உ.சி.யைச் சந்தித்து, நிர்வாகம் இணங்குகிறது என்று தெரிவித்தார். வ.உ.சி. ஐம்பது தொழிலாளர்களை அழைத்துக்கொண்டு மேலாளர்களைப் பார்க்கப் போனார். தலைவர் ஒருவர் மட்டும் உள்ளே போய்ப் பேசி வராமல், வேலை செய்கிறவர்களே ஐம்பது பேராக முதலாளி முன் நின்று பேசியது அந்த ஊர் அதுவரை காணாத காட்சி. கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிறு விடுமுறை ஆகியவற்றுக்கு நிர்வாகம் சம்மதித்தது. இதைக் கண்டு மற்ற ஐரோப்பியக் கம்பெனிகளின் தொழிலாளர்களுக்கும் கூலி கூடியது. நடத்தும் விதமும் மாறியது. கல்கத்தாவில் அரவிந்தரின் ‘வந்தே மாதரம்’ இதழ் தூத்துக்குடியின் வெற்றியைப் பாராட்டி எழுதியது.

தலைவருக்காக ஒரு வேலைநிறுத்தம்

வங்கத் தலைவர் விபின் சந்திர பாலின் விடுதலையை மார்ச் 9 அன்று கொண்டாட ஏற்பாடு நடந்தது. அரசு அதைத் தடுக்க முயன்றது. மார்ச் 12 அன்று வ.உ.சி., சுப்பிரமணிய சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைபட்டன. கூட்டம் திரண்டது, நகராட்சி அலுவலகம், அஞ்சல் நிலையம், காவல் நிலையம் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளர்கள் மறுபடியும் வெளியே வந்தார்கள். வண்டிக்காரர், துப்புரவுத் தொழிலாளர், சவரத் தொழிலாளர், கடைக்காரர் எல்லோரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள்.

இந்த இரண்டாம் வேலைநிறுத்தத்தில் கூலிக் கோரிக்கை இல்லை. கேட்டதெல்லாம் முன் வாரமே கிடைத்துவிட்டது. தமக்காக நின்றவர் சிறையில் இருக்கும்போது தாம் எந்திரம் ஓட்டுவதில்லை என்பதே இதன் பொருள். திலகருக்கு ஆறாண்டுத் தண்டனை விதித்ததை எதிர்த்து 1908 ஜூலையில் பம்பாய் மில் தொழிலாளர்கள் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். லெனின் அதைக் குறிப்பிட்டு எழுதியதால் அது உலகறிந்தது. தூத்துக்குடித் தொழிலாளர்கள் அதற்கு நான்கு மாதம் முந்தியவர்கள். இந்தியத் தொழிலாளரின் முதல் அரசியல் வேலைநிறுத்தம் என்று ஆய்வாளர் பலர் இதைக் கருதுகிறார்கள்.

அரசு ஊரையே தண்டித்தது. தண்டப் போலீஸ் நிறுத்தி, அதற்கான செலவை மக்களிடமே வரியாக வசூலித்தது. 1908 ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். வ.உ.சி.க்குச் சாட்டப்பட்ட இரு குற்றங்களுக்கும் இருபது இருபது ஆண்டு, சிவாவுக்குப் பத்து ஆண்டு. மேல்முறையீட்டில் வ.உ.சி.யின் தண்டனை ஆறாண்டாகக் குறைந்தது. கோயம்புத்தூர் சிறையில் செக்கிழுத்தார்; பிறகு கண்ணூர் சிறையிலும் இருந்தார். கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, வழக்கறிஞர் தொழில் நடத்தும் உரிமையும் இல்லை.

சங்கமும் சட்டமும்

தூத்துக்குடியில் வென்றது ஊரின் ஒற்றுமை. அந்த ஒற்றுமையைக் கட்டிக் காக்க ஓர் அமைப்பு அன்று உருவாகவில்லை. தலைவர்கள் சிறை சென்றதும் இயக்கம் தளர்ந்தது. அப்படியோர் அமைப்பு பத்தாண்டு கழித்துச் சென்னையில் பிறந்தது. பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்நாடிக் மில்களின் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. செல்வபதி செட்டியார், ராமாஞ்சுலு நாயுடு இருவரும் முன்முயற்சி எடுத்தார்கள், பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. துணை நின்றார். வாடியா, பின்னர் இந்தியா வந்துவிட்ட அன்னி பெசன்டின் பத்திரிகையிலும் இயக்கத்திலும் உடன் உழைத்தவர். லண்டன் தீப்பெட்டிப் பெண்களின் போராட்டத்துக்கும் பெரம்பூர்ச் சங்கத்துக்கும் இடையே இப்படி நேரான ஓர் இழை ஓடியது. சிறை மீண்ட வ.உ.சி.யும் சென்னைத் தொழிலாளர் கூட்டங்களில் பங்குகொண்டார்.

1920இல் பின்னி கம்பெனி வாடியா மீதும் சங்கத்தார் மீதும் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டது. உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பிரிட்டனில் 1906இலேயே நீக்கப்பட்ட ஆபத்து இங்கே அப்படியே இருந்தது. இந்த வழக்கின் தூண்டுதலில் என்.எம். ஜோஷி சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. ஏழு பேர் சேர்ந்து ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம், பதிவு பெற்ற சங்கத்தின் மீது வேலைநிறுத்தத்துக்காக வழக்குப் போட முடியாது என்ற நிலை அதனால் வந்தது.

சங்கம் இருந்தும் ஒற்றுமை உடைந்த கதை 1921இல் நடந்தது. பின்னி மில் வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. கையிருப்பு ஏதுமற்ற ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். சாதி இந்துத் தொழிலாளர்களுக்கும் அவர்களுக்கும் இடையே புளியந்தோப்பில் மோதல் மூண்டது. வீடுகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது, வேலைநிறுத்தம் தோற்றது. மில்லுக்குள் ஒன்றாக உழைத்தவர்கள் தெருவுக்குள் ஒன்றாக வாழாதிருந்ததன் விலை அது. 1928 ஜூலையில் சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் வழிநடத்திய தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தமும் கைதுகளால் பத்து நாள் அளவில் முறிந்தது. தலைவர்கள் மீது சதி வழக்கு நடந்தது.

சுவர் இல்லாத தொழில்கள்

மில்லுக்கு ஒரு வாசல் உண்டு. அந்த வாசலில் நின்றால் எல்லோரையும் பார்க்கலாம், சங்கம் சேர்க்கலாம். தாமிரபரணிப் பகுதியில் அதிகம் பேர் பார்க்கும் வேலைகளுக்கு அப்படி வாசல் கிடையாது.

காயல்பட்டினம், ஆறுமுகநேரி முதல் தூத்துக்குடிக்கு வடக்கே வரை கடலோரம் உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. இந்திய உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு இந்த மாவட்டத்தினுடையது. தை மாதம் பாத்தி மிதிப்பதில் வேலை தொடங்கும். மண் இறுகும் வரை ஆணும் பெண்ணும் வரிசையாக மிதிப்பார்கள். உவர்நீர் பாய்ச்சி, வெயிலில் உப்பு பூத்ததும் வாரி, பெட்டியில் தலைச்சுமையாகத் தட்டுமேட்டில் கொட்டுவார்கள். வெள்ளைப் பரப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்கும். உவர்நீர் பாதத்தைப் புண்ணாக்கும். வடகிழக்குப் பருவமழை வந்தால் வேலை நின்றுபோகும். ராஜம் கிருஷ்ணன் 1979இல் வெளிவந்த ‘கரிப்பு மணிகள்’ நாவலில் எழுதியது இந்த மக்களின் வாழ்வைத்தான். அளங்கள் சிதறிக் கிடப்பதாலும், வேலை தினக்கூலியாகவும் பருவ வேலையாகவும் இருப்பதாலும் இங்கே சங்கம் கட்டுவது கடினம். அப்படியும் சங்கங்கள் அமைந்து, கூலி ஒப்பந்தம் பேசி வருகின்றன. மழைக்காலத்தில் வேலை இழக்கும் உப்பளத் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாடு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது.

முக்கூடல், மேலப்பாளையம் பகுதிகளின் பீடித் தொழிலாளர்கள் பெரும்பாலும் பெண்கள். வேலையிடம் அவரவர் வீட்டுத் திண்ணை. மடியில் சொளகு, அதில் புகையிலைத்தூள், நனைத்து வெட்டிய இலை, நூல். எண்ணிக்கைக்குக் கூலி. ‘இவர்கள் என் தொழிலாளர் அல்லர்’ என்று முதலாளி சொல்லிவிட இடமிருந்தது. நாடெங்கும் நடந்த நீண்ட போராட்டத்துக்குப் பின் 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுகிறவர்களையும் தொழிலாளர் என்று ஏற்றது. 1976இல் நல நிதிச் சட்டம் வந்தது. வாசலே இல்லாத வேலையிலும் சங்கம் உரிமை பெற்றுத்தர முடியும் என்பதற்கு இதுவே சான்று.

ஆற்றில் இறந்தவர்கள்

தாமிரபரணி நீர்பிடிப்பு மலையில் அமைந்தது மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த நிலம் அது. 1998-99இல் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டுப் போராடினார்கள். நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். அவர்களை விடுவிக்கக் கோரி 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் கலெக்டர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் சென்றது. ஆற்றங்கரைச் சாலையில் போலீஸ் தடியடி நடத்தியது. தப்ப வழியின்றி மக்கள் ஆற்றில் இறங்கினார்கள். பதினேழு பேர் இறந்தார்கள். அவர்களில் பெண்களும் ஒரு கைக்குழந்தையும் உண்டு. நீதிபதி மோகன் ஆணையம் விசாரித்தது. ஆர்.ஆர். சீனிவாசன் ‘நதியின் மரணம்’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். ஆண்டுதோறும் அந்த நாளில் மக்கள் ஆற்றில் மலர் தூவுகிறார்கள். 1908இல் நான்கு பேர் சுடப்பட்டு இறந்த அதே ஊரில், 91 ஆண்டு கழித்து, கூலி கேட்டவர்களும் அவர்களுக்குத் துணை வந்தவர்களும் உயிர் கொடுத்தார்கள்.

சங்கங்களை ஏற்ற 1926ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளிட்டவற்றுக்குப் பதிலாக நாடாளுமன்றம் 2020இல் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி எந்தத் தொழிற்கூடத்திலும் முன்னறிவிப்புக் கொடுத்துப் பதினான்கு நாள் கழியாமல் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது. கோரல் மில் தொழிலாளர்கள் கூட்டத்தில் பேச்சைக் கேட்ட நாளிலிருந்து வெற்றியோடு திரும்பிய நாள் வரை ஆனது ஏறக்குறைய இரண்டு வாரம். சட்டம் நேரத்தையும் முறையையும் வரையறுக்கும். அடுப்பெரியப் பணம் போட்ட வணிகரையும், கத்தியை மடக்கிய சவரத் தொழிலாளியையும், நிர்வாகத்தின் முன் நின்ற ஐம்பது பேரையும் எந்தச் சட்டமும் உண்டாக்கவில்லை. அவர்களைச் சேர்த்தது ஊர். உப்பளத்திலும் பீடித் திண்ணையிலும் இன்று சங்கம் கட்டுகிறவர்கள் தேடுவதும் அந்த ஊரைத்தான்.